இரண்டாவது ஆர்டர் எங்கே? (தொழில் கேள்வி-பதில்)

கேள்வி: வீட்டில் அரைக்கும் சத்துமாவை இன்ஸ்டாகிராமில் விற்கிறேன். அரை கிலோ 380 ரூபாய். மாவு, பேக்கிங், கூரியர் எல்லாம் போக ஒரு பாக்கெட்டுக்கு 110 ரூபாய் நிற்கும். மூன்று மாதத்தில் விளம்பரத்துக்கு 40,000 ரூபாய் போட்டேன், 64 ஆர்டர் வந்தது. மறுபடி வாங்கியவர்கள் ஐந்தே பேர். விளம்பரம் பார்த்துக்கொள்பவர் பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கினால்தான் சூடு பிடிக்கும் என்கிறார். செய்யலாமா?
(வாசகி, ஈரோடு)

பதில்: வேண்டாம். முதலில் அந்த விளம்பரத்தை நிறுத்துங்கள், அப்புறம் பேசலாம்.

40,000-ஐ 64-ஆல் வகுத்தால் 625. அதாவது ஒரு ஆளைக் கூட்டிவர 625 ரூபாய் கொடுத்து, அவரிடம் 110 ரூபாய் சம்பாதிக்கிறீர்கள். அவர் ஆறு முறை வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும், ஆனால் 59 பேர் இரண்டாவது முறையே வரவில்லை. பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் இந்த நஷ்டம்தான் இரட்டிப்பாகும். விளம்பரம் பார்ப்பவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் விளம்பர முறைக்கு யாரிடம் காட்டினால் விற்கும் என்று கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 விற்பனையாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் அது தடவிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் உங்கள் கணக்குப்படி 50 விற்பனை என்றால் வாரம் 31,250 ரூபாய். சத்துமாவு விற்று அந்தப் பணத்தை எப்போது எடுப்பது?

உங்களிடம் இருக்கும் உண்மையான சொத்து அந்த 64 போன் நம்பர்கள். கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். "மாவு நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், நம் ஊரில் யாரும் போனில் நல்லா இல்லை என்று சொல்லமாட்டார்கள். பாக்கெட் தீர்ந்துவிட்டதா, வீட்டில் யார் குடித்தார்கள், அதற்கு முன்னால் காலையில் என்ன குடித்துக்கொண்டிருந்தார்கள், இந்த மூன்றைக் கேளுங்கள். பாதிப் பாக்கெட் இன்னும் அலமாரியில் இருக்கிறது என்றால் சிக்கல் மாவில்: கட்டி தட்டியிருக்கலாம், பிள்ளை துப்பியிருக்கலாம். தீர்ந்துவிட்டது, மறுபடி ஆர்டர் போட மறந்துவிட்டோம் என்றால் இருபத்தைந்தாம் நாள் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். தீர்ந்ததும் பக்கத்து மில்லில் அரைத்துக்கொண்டோம் என்றால் விலையைத்தான் பார்க்கவேண்டும். இதில் எதற்குமே விளம்பரம் மருந்தில்லை.

அந்த ஐந்து பேரை முதலில் கூப்பிடுங்கள். ஐந்து பேருமே கைக்குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிற அம்மாக்கள் என்று தெரிந்தால், நீங்கள் விற்கவேண்டியது 'எல்லோருக்கும் சத்துமாவு' இல்லை, குழந்தைக் கஞ்சி மாவு. பாக்கெட், பேர், படம் எல்லாமே மாறும்.

ஷான் எல்லிஸ் என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்: நாளையிலிருந்து இது கிடைக்காது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? 'ரொம்ப ஏமாற்றமாக இருக்கும்' என்று 40 சதவீதம் பேராவது சொன்னால் புது வாடிக்கையாளர்களைச் சேர்க்க இறங்கலாம் என்பது அவர் கணக்கு. தோராயமான அளவுகோல்தான், வேதவாக்கு இல்லை. 64 பேரில் 26 பேர் சொல்வார்களா, பாருங்கள்.

இவர், கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்க உதவும் டிராப்பாக்ஸின் ஆரம்ப நாட்களில் அங்கே மார்க்கெட்டிங் பார்த்தவர். அங்கேயும் உங்கள் கதைதான் நடந்தது. ஆண்டுக்கு 99 டாலர் சந்தா, கூகுள் விளம்பரம் வழியாக ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு 233 முதல் 388 டாலர். அதை விட்டுவிட்டு, நண்பரைச் சேர்த்தால் இருவருக்கும் கூடுதல் சேமிப்பிடம் இலவசம் என்றார்கள். 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த பயனர்கள் 2010 ஜனவரியில் 40 லட்சம். உடனே நீங்களும் நண்பரைச் சேர்த்தால் 50 ரூபாய் தள்ளுபடி என்று போஸ்டர் அடித்துவிடாதீர்கள். டிராப்பாக்ஸ் பயனர்கள் அதை ஏற்கெனவே தினமும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், அதனால் அடுத்தவரிடம் சொன்னார்கள். அலமாரியில் கிடக்கிற மாவைப் பற்றி யார் யாரிடம் சொல்வார்?

கேள்வி: புதிதாகக் குளியல் சோப்பு ஆரம்பித்திருக்கிறோம். அறிமுகச் சலுகையாகப் பாதி விலைக்குக் கொடுத்தால் கூட்டம் வருமா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: வரும். சலுகை முடிந்ததும் போய்விடும்.

சலுகை கொடுப்பது தப்பில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். 1983-இல் கடலூரில் 15,000 ரூபாய் முதலீட்டில் ஷாம்பூ தொழில் ஆரம்பித்த சி.கே. ரங்கநாதன், சிக் ஷாம்பூவுக்கு ஒரு திட்டம் போட்டார். எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் ஐந்து காலி ஷாம்பூ பாக்கெட்டைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். யோசித்துப் பாருங்கள், காலிப் பாக்கெட் யாரிடம் இருக்கும்? ஏற்கெனவே பாக்கெட் ஷாம்பூ வாங்குகிறவரிடம்தான். சீயக்காய்க்காரரை மாற்றும் வேலையே இல்லை, போட்டியாளரின் வாடிக்கையாளர் தானே தேடி வருவார். ஆட்கள் பழகியதும் திட்டத்தை மாற்றி, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் இலவசம் என்றார். இப்போது இலவசம் வேண்டுமானால் ஐந்து முறை காசு கொடுத்து சிக் வாங்கியாகவேண்டும்! முதலில் மாற வைத்தது, பிறகு திரும்ப வர வைத்தது, இரண்டும் ஒரே சலுகையின் இரண்டு கட்டம். அதுவும் இணையம் இல்லாத காலத்தில்.

உங்கள் பாதி விலையில் இந்த இரண்டாவது கட்டம் எங்கே? முதல் சோப்புக்கு முழு விலை வாங்குங்கள். உள்ளே ஒரு சீட்டு வைத்து, அடுத்த சோப்புக்கு அதைக் காட்டினால் குறைவு என்று எழுதுங்கள்.

கேள்வி: நண்பர்கள் இருவர் சேர்ந்து தையல் கடைகளுக்கான செயலி செய்திருக்கிறோம். 11 கடைகள் இலவசமாகப் பயன்படுத்துகின்றன. ஒருவர் ஜிஎஸ்டி பில் கேட்கிறார், இன்னொருவர் கூலிக் கணக்கு கேட்கிறார், ஒருவர் டிசைன் ஆல்பம் கேட்கிறார். எதைச் செய்வது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, காசு கொடுக்காதவர் கேட்பதையெல்லாம் செய்தால் ஆயுசு போதாது. எனக்கு இது அனுபவம்: நான் ஒரு காலத்தில் இப்படித்தான் ஆளுக்கு ஒன்றாக 23 வசதிகள் சேர்த்தேன், கேட்டவர்களே அந்தப் பொத்தானைத் தொடவில்லை.

மாதம் 200 ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள். 11 பேரில் எட்டுப் பேர் கழன்றுகொள்ளலாம், கவலைப்படாதீர்கள். மிச்சமுள்ள மூன்று பேர் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று அவர்கள் கடையிலேயே அரைநாள் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் போட்டியாளர் இன்னொரு செயலி இல்லை, கல்லாவில் கிடக்கும், அளவு எழுதிவைக்கும் அந்த நோட்டுப்புத்தகம்தான். அது 60 ரூபாய், சார்ஜ் போடவேண்டாம், மாஸ்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டே புரட்டத் தெரியும். அந்த நோட்டால் முடியாத ஒன்றை நீங்கள் செய்யவேண்டும். தீபாவளிக்கு முதல் வாரம் "என் ஜாக்கெட் என்னாச்சு?" என்று கடைக்காரருக்கு எத்தனை போன் வருகிறது என்று எண்ணுங்கள். தைத்து முடித்ததும் வாடிக்கையாளருக்குத் தானாகச் செய்தி போகும் என்றால் அதற்குக் காசு கொடுப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என் ஊகத்தை நம்பாதீர்கள், போய்ப் பாருங்கள்.

ஏற்கெனவே யார் எதற்குக் காசு கொடுத்துக்கொண்டு எரிச்சலில் இருக்கிறார்கள் என்று தேடுவதும் ஒரு வழி. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்க நிறுவனங்களுக்கு உதவும் ஜென்டெஸ்க் என்ற மென்பொருள் விலையை ஏற்றியபோது அதன் வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொந்தளித்ததைப் படித்துத்தான் கிரீஷ் மாத்ருபூதத்துக்கு இதில் இடம் இருக்கிறது என்று பொறி தட்டியது. 2010-இல் சென்னையில் அதே வேலைக்கு ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார், 2021-இல் அந்த நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

கேள்வி: வெப்சைட் முதலில் வேண்டுமா, வாட்ஸ்அப் போதுமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: முதல் நூறு வாடிக்கையாளர்கள் வரை வாட்ஸ்அப் பிசினஸ் போதும், அதிலேயே கேட்டலாக் போடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் சேர்க்கமுடியும், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச்சேரும். அதனால் பார்சலுக்குள்ளேயே 'நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். கடை இருந்தால் கூகுள் மேப்பில் பதிந்துவிடுங்கள், அதற்குக் காசில்லை.

கேள்வி: சாம்பார் பொடி விற்கிறேன். 10,000 ஃபாலோயர்ஸ் விலைக்குத் தருகிறார்கள், வாங்கலாமா?
(பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: பெயர் வேண்டாம் என்றபோதே பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர்கூட சாம்பார் பொடி வாங்கமாட்டார்.