வடசென்னையில் பழைய நகர மதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டை இப்ராஹிம் சாகிப் தெருவில், மாடிப் பூங்கா இருக்கிறதே, அதன் அடியில் நிற்பது அந்த மதில்தான். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) பிடித்து அங்கிருந்தே புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டார், அப்புறம் 1769இல் ஹைதர் அலியே சென்னை வாசல்வரை வந்துவிட்டார், அந்தப் பயத்தில்தான் ஆங்கிலேயர் ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார்கள். செலவுக்கு மக்களிடம் வரி வசூலிக்கவும் பார்த்தார்கள். வால்டாக்ஸ், அதாவது ‘மதில் வரி’ சாலை, அதை இன்னும் சொல்கிறது.

மிஞ்சிய துண்டு மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சரி, எப்படிக் காப்பது? இந்த மாதிரிப் பழைய செங்கல், சுண்ணாம்புக் கட்டுமானத்தில் சிமென்ட் பூசவே கூடாது, ஈரம் வெளியேற முடியாமல் செங்கல் பொரிந்து உதிரும். மதிலில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு அகற்றி, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.