பிளாஸ்டிக்கைத் தின்னும் நுண்ணுயிரிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வாயே இல்லாத பாக்டீரியா பிளாஸ்டிக்கை எப்படித் தின்னும்?

வெளியிலேயே செரித்து உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூலக்கூறு நீளமான சங்கிலி என்பதால் செல்லுக்குள் நுழையாது. அதனால் பாக்டீரியா சுரக்கும் நொதிகள் (வேதிவினையை வேகப்படுத்தும் புரதங்கள்) வெளியே வேலை செய்கின்றன. ஜப்பானின் சகாய் நகரில், பெட் (தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் செய்யும் பிளாஸ்டிக்) பாட்டில் மறுசுழற்சி நிலையத்தை ஒட்டி எடுத்த மாதிரிகளில் கிடைத்து, 2016-இல் அறிவிக்கப்பட்ட இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். அதன் பெட்டேஸ் நொதி சங்கிலியைத் துண்டாக்கும். இரண்டாவது நொதியான எம்ஹெட்டேஸ், அந்தத் துண்டுகளை டெரிஃப்தாலிக் அமிலமாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் பிரிக்கும். அப்புறம் அவை பாக்டீரியாவுக்கு உணவு.

கேள்வி: அப்படியானால் பாட்டில்கள் ஏன் இன்னும் மலைபோலக் குவிகின்றன?

சகாய் பாக்டீரியா ஆய்வகத்தில் தின்றது பாட்டிலை அல்ல, படிகத்தன்மை குறைந்த, அதாவது சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கப்படாத, மெல்லிய பெட் படலத்தை. அதற்கே 30 டிகிரி செல்சியஸில் சுமார் 6 வாரம் ஆனது. பாட்டிலில் சங்கிலிகள் இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். நொதி நுழைய இடமிருக்காது. 70 டிகிரியை நெருங்கினால் பெட் இளகும், ஆனால் அந்தச் சூட்டில் பெட்டேஸ் செயலிழந்துவிடும். இங்கேதான் எனக்குப் பிடித்த நொதி வருகிறது. இலைகளின் மேற்பூச்சான க்யூட்டினை உடைக்கும் வகையைச் சேர்ந்த அது, இலை மக்கில் கிடைத்தது. பிரான்ஸ் ஆய்வாளர்கள் அதைச் சூடு தாங்கும்படி மாற்றியமைத்தார்கள். 2020-இல் வெளியான அவர்களது ஆய்வில், 72 டிகிரியில் 10 மணி நேரத்தில் 90 சதவீத பெட் உடைந்தது. ஆனால் அந்தக் கழிவை முதலில் உருக்கி, படிகத்தன்மையைக் குறைத்து, பொடியாக்க வேண்டியிருந்தது. ஆகவே இது ஆலைக் கலனுக்கான வழி; கடலில் பாக்டீரியாவைக் கொட்டிச் சுத்தம் செய்யும் வழியல்ல.

கேள்வி: பாலித்தீன் பைக்கும் இதே நொதி போதுமா?

போதாது. பெட்டில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. நொதி, நீரின் உதவியோடு அவற்றை வெட்டும். பாலித்தீனில் நெடுகிலும் கார்பன்-கார்பன் பிணைப்புதான். முதலில் சூரிய ஒளியோ நொதியோ அதை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். 'புழு பாலித்தீன் தின்றது, எடை குறைந்தது' என்ற செய்திகளைப் பார்த்தால் கொஞ்சம் பொறுங்கள். சேர்மானப் பொருள்கள் கசிந்து வெளியேறினாலும் எடை குறையும். கார்பன்-13 (சாதாரணக் கார்பனைவிடச் சற்று கனமான வகை) அடையாளமிட்ட பாலித்தீனைக் கொடுத்து, அந்தக் கார்பன் கரியமில வாயுவாக வெளிவருகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

கேள்வி: 'மட்கும்' என்று அச்சிட்ட பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கோப்பையைத் தோட்டத்தில் புதைக்கலாமா?

வேண்டாம். அது வேகமாக மட்க 60 டிகிரி அளவு வெப்பமும் ஈரமும் உள்ள உர ஆலை வேண்டும். தோட்ட மண்ணில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.