அப்பா விட்டுச்சென்ற ஸ்டாம்ப் ஆல்பத்துக்கு என்ன விலை?

வாங்குவது, விற்பது, ஏமாறாமல் இருப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கான பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு தபால்தலை பற்றியவை. நான்கையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன தை மாதம் காலமானார். மூன்று ஸ்டாம்ப் ஆல்பமும், ஒரு பிஸ்கட் டின் நிறைய பழைய கடிதங்களும் விட்டுப் போயிருக்கிறார். கடிதங்கள் எல்லாம் தாத்தா ரங்கூனில் இருந்தபோது எழுதியவை. மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "மொத்தமாக எட்டாயிரம் தருகிறேன், கடிதம் வேண்டாம், கவரில் இருக்கும் ஸ்டாம்பை மட்டும் வெட்டிக் கொடுங்கள்" என்கிறார். தம்பி கொடுத்துவிடலாம் என்கிறான். எனக்கு மனசு வரவில்லை. இதற்கு உண்மையான மதிப்பு என்ன?
— மேலூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, முதலில் கத்தரிக்கோலை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

உறையில் ஒட்டியிருக்கும் தலையை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது ஒரு துண்டுக் காகிதம். உறை முழுதாக இருந்தால் எந்த ஊரில் தபாலில் சேர்த்தது, எந்தத் தேதி, எத்தனை நாளில் மேலூர் வந்து சேர்ந்தது, வழியில் யார் பிரித்துப் பார்த்தார்கள் என்று அத்தனையும் அதில் இருக்கும். உங்கள் தாத்தா ரங்கூனில் இருந்த காலம் இதில் முக்கியம். 1937 ஏப்ரல் வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். அதனால் அங்கிருந்து வந்த கடிதங்களில் சாதாரண இந்தியத் தபால்தலைதான் இருக்கும். வெட்டி எடுத்தால் அது ஐந்துக்கும் பத்துக்கும் கிடைக்கிற ஜார்ஜ் மன்னர் தலை. ரங்கூன் முத்திரையோடு உறையில் இருந்தால், அதற்கென்றே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1937-ல் பர்மா தனியானதும் அதே இந்தியத் தலைகளின் மேல் 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து விற்றார்கள். பிறகு யுத்தம் வந்தது. கடிதங்களைத் தணிக்கை செய்து, பிரித்த ஓரத்தில் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். டின்னில் அப்படி ஓரம் ஒட்டிய உறை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். 1942-ல் ஜப்பான் பிடித்த பிறகு மயில் உருவம் மேலச்சான தலைகளும் வந்தன. ஆனால் அதில் போலி ஏராளம். இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

வியாபாரி கடிதம் வேண்டாம் என்றது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சின்ன வயதில் என் அத்தை வீட்டில் இலங்கையிலிருந்து வந்த ஒரு கட்டுக் கவர்களின் மூலைகளை நானே வெட்டி எடுத்திருக்கிறேன். தலைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எந்தக் கடிதத்தில் எது இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கண்டியா கொழும்பா என்பதுகூடத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஆல்பம். பணக் கண்ணோடு பார்த்தால், ஆசிரியர் ஒருவர் அந்தக் காலத்தில் சேர்த்த ஆல்பத்தில் பெரும்பகுதி விலை போகாது. சுதந்திரத்துக்குப் பின் வந்த நினைவுத் தபால்தலைகள் பலவும் பத்து லட்சம், இருபது லட்சம் என்று அச்சடிக்கப்பட்டவை. உபயோகித்த தலை என்றால் இன்னும் மலிவு. ஷார்ஜா, அஜ்மான், ஃபுஜைரா என்ற பேரில் பளபளவென்று பூவும் பட்டாம்பூச்சியும் போட்டு வந்தவை அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் சேகரிப்பாளர்களுக்கு விற்பதற்கென்றே அச்சானவை. முத்திரை அழகாக மூலையில் விழுந்திருக்கும், பின்னால் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் ஒட்டிப் பயணமே போகாதவை. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

பொறுமையாகப் பார்க்க வேண்டியவை வேறு. 1854-ல் வந்த அரையணா, ஓரணா, இரண்டணா, நாலணாத் தலைகள்; 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி வரிசை, அதிலும் 10 ரூபாய்; 1947 நவம்பர் 21-ல் வந்த கொடி போட்ட 'ஜெய்ஹிந்த்' மூன்றரையணாவின் முதல் நாள் உறை (தலை வெளியான அன்றே முத்திரை குத்திய உறை); சங்கு போட்ட திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள். கூடவே பூட்டானின் 1972 வட்டத் தலைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சின்ன கிராமபோன் தட்டாகவே செய்தவை, ஊசி வைத்தால் பாடும். தலை கிழிந்திருந்தால், ஓரத்துப் பல் ஒன்று குறைந்திருந்தால், பின்பக்கம் மெலிந்திருந்தால் விலை பாதிக்கும் கீழே போகும். கோர்ட் ஃபீ ஸ்டாம்பும் ரெவின்யூ ஸ்டாம்பும் தபால்தலை அல்ல. அதற்கும் சேகரிப்பாளர்கள் உண்டு, ஆனால் அது தனிச் சந்தை. கேட்லாக்கில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கடைக்காரர் விற்கிற விலை. நாம் விற்கப் போனால் அதில் ஒரு சிறு பங்குதான் கைக்கு வரும்.

எட்டாயிரம் நியாயமா என்றால், பார்க்காமல் சொல்வது தப்பு. ஆனால் பட்டியல் போடாமல் மொத்தமாக விற்பதும் தப்பு. ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். கடிதங்களை இரண்டு பக்கமும் எடுங்கள். "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் ஆல்பத்தைக் கொடுக்காதீர்கள். நல்லது நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு, "மற்றதற்கு மதிப்பில்லை" என்று திருப்பித் தருவது பழைய வழக்கம். குறைந்தது மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். ஸ்டாம்ப் கண்காட்சி நடக்கும்போது போனால் ஒரே கூரையில் பலரைக் கேட்கலாம். அப்பா உயில் எழுதி வைக்கவில்லை என்றால், சட்டப்படி அந்த ஆல்பம் வாரிசுகள் எல்லோருக்கும் சொந்தம் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள். தனியாக யாரும் விற்க முடியாது.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். ஆல்பத்தில் விலை போகிறதை விற்று எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், தவறே இல்லை. டின்னை விற்க வேண்டாம். தாத்தா என்ன எழுதினார், யாருக்கு என்ன அனுப்பினார், எந்தத் தேதியோடு கடிதம் நின்றது என்று தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பிய லட்சக்கணக்கானவர்களில் உங்கள் தாத்தாவும் ஒருவராக இருந்தால், அந்த நடைக்கு முந்தைய கடைசிக் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது.

கேள்வி: சார், ஆன்லைனில் 10 ரூபாய் காந்தி ஸ்டாம்ப், 1948, 'ஒரிஜினல்' என்று போட்டிருந்ததை ₹12,000 கொடுத்து வாங்கினேன். ஸ்டாம்ப் சேகரிக்கும் நண்பர் போலி என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
— திருமங்கலம் வாசகர்

பதில்: தம்பி, நண்பர் சொன்னதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காந்தி தலைகள் மற்ற இந்தியத் தலைகள் போல நாசிக் அச்சகத்தில் அச்சானவை அல்ல; சுவிட்சர்லாந்தில் கூர்வாசியே அச்சகத்தில் ஃபோட்டோகிராவூர் முறையில் அச்சானவை. 'பாபு' என்று இந்தியிலும் உருதுவிலும் இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வண்ணப் பிரிண்டரில் எடுத்தது என்றால் சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள் தனித்தனியாகக் கண்ணில் படும். அசலில் அப்படி இருக்காது. அடுத்தது ஓரத்துப் பல். இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை என்று எண்ணுவார்கள், காந்தி வரிசைக்கு அது பதினொன்றரை. அளக்க அட்டை விற்கிறார்கள், விலை அதிகமில்லை. 'சர்வீஸ்' என்று மேலச்சான 10 ரூபாய்க் காந்தி என்று யாராவது சில ஆயிரத்துக்கு நீட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக மொத்தம் அச்சானதே 100. 2017-ல் நான்கு தலை சேர்ந்த ஒரு துண்டு லண்டனில் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது.

போலி என்று உறுதியானால் நடக்க வேண்டிய வழி இது. விளம்பரத்தில் 'ஒரிஜினல்' என்று இருந்த பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு அது இருக்காது. பெரிய விற்பனைத் தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வாங்கி லாபத்துக்கு விற்பவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதாது. ஆகவே உங்கள் சேகரிப்புக்காக வாங்கியதுதான் என்றால் அதைப் புகாரிலேயே தெளிவாக எழுதுங்கள்.

முகம் தெரியாத ஒருவருக்கு ஜிபே-யில் அனுப்பியிருந்தால் கதை வேறு. அது சைபர் மோசடி. 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

அடுத்த முறை ஆயிரங்களில் வாங்கும்போது நிபுணர் குழுவின் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டி மாதிரியான அமைப்புகள் தலையின் படத்தோடு சான்று தருகின்றன. சான்று இல்லை, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றால் அந்த வியாபாரம் வேண்டாம்.

கேள்வி: ஒரு லட்சம் கட்டினால் அபூர்வத் தபால்தலைகள் நம் பேரில் லாக்கரில் இருக்குமாம், வருடம் 18 சதவீதம் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். சேரலாமா?
— விருதுநகர் வாசகர்

பதில்: வேண்டாம். ஈமு கோழியும் தேக்கு மரமும் நம் பக்கத்தில் செய்ததை ஸ்பெயினில் தபால்தலை செய்தது. 2006 மே மாதம் அங்கே இரண்டு நிறுவனங்களில் போலீஸ் நுழைந்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு உள்ளே மாட்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர் பணத்தில் பழையவருக்கு வட்டி தந்திருக்கிறார்கள். லாக்கரில் இருந்த தலைகளுக்குச் சொன்ன மதிப்பே இல்லை.

நேர்மையான சந்தையிலும் ஏற்றம் உறுதியில்லை. உலகத்திலேயே விலை உயர்ந்தது என்று சொல்லப்படும் பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தலை, ஒன்றே ஒன்றுதான் இருப்பது, 2014-ல் சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது. 2021-ல் சுமார் 83 லட்சம். ஏழு வருடம் வைத்திருந்து நஷ்டம். பிடித்த தலையைக் கையில் இருக்கும் உபரிப் பணத்தில் வாங்குங்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்த பணத்தில் வேண்டாம்.

'உங்கள் பழைய ஸ்டாம்பை லட்சத்துக்கு எடுக்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று வரும் அழைப்பும் இதே குடும்பம்தான். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயத்துக்கு இப்படிக் கட்டணம் பறிப்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

கேள்வி: ஏழாவது படிக்கும் மகள் ஸ்டாம்ப் சேர்க்க ஆசைப்படுகிறாள். என்ன செலவாகும்? எங்கே வாங்குவது? ஆல்பத்தில் எப்படி ஒட்டுவது?
— உசிலம்பட்டி வாசகி

பதில்: படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. ஐந்நூறு ரூபாய்க்குள் ஆரம்பிக்கலாம்.

'ஒட்டுவது' என்ற சொல்லை மட்டும் மறந்துவிடுங்கள். பசை, செல்லோ டேப் எதுவும் கூடாது. ஸ்டாக் புக் என்று கேட்டால் பட்டை பட்டையாக உறை வைத்த புத்தகம் கிடைக்கும். தலையைச் செருகினால் போதும். மலிவான வழவழ பிளாஸ்டிக் உறை நாளடைவில் வேர்த்து மையை இழுக்கும். எடுக்க ஒரு முனை மழுங்கிய இடுக்கி. உறையில் ஒட்டிய சாதாரணத் தலையைச் சுற்றி நிறையக் காகிதம் விட்டு வெட்டி, பச்சைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாக நழுவும். இழுக்க வேண்டாம். வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து உலர்த்தி, கனமான புத்தகத்துக்குள் வைக்கலாம். பழைய கடிதமாக இருந்தால் மேலூர் அம்மாவுக்குச் சொன்னதுதான்: வெட்டவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பழுப்புப் புள்ளி வரும், இராமபாணப் பூச்சி அரிக்கும். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, மாதம் ஒரு முறை விசிறிக் காற்றில் புரட்டுங்கள்.

புதிய தலைகளுக்கு மதுரை தலைமை அஞ்சலகத்தில் சேகரிப்பாளர்களுக்கான பிரிவில் கேளுங்கள். 200 ரூபாய் கட்டி ஃபிலாட்டலி டெபாசிட் அக்கவுண்ட் தொடங்கினால், புதிதாக வருவதை முக மதிப்புக்கே வீட்டுக்கு அனுப்புவார்கள். தலையோடு வரும் தகவல் தாளையும் வாங்கச் சொல்லுங்கள். எத்தனை அச்சானது, எங்கே அச்சானது என்று அதில் இருக்கும். இந்தக் கணக்கு இருந்தால், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அஞ்சல் துறை தரும் தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் வருடம் ₹6,000. மதிப்பெண் நிபந்தனையும் எழுத்துத் தேர்வும் உண்டு.

எல்லா நாட்டுத் தலையும் கலந்த நூறு ரூபாய் பாக்கெட்டை வாங்கிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதுரை என்றே வைத்துக்கொள்ளலாம். இங்கே பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 2005 டிசம்பரில் ஐந்து ரூபாய்த் தலை வந்தது. 1904-ல் சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்த பாரதிக்கு 1960-ல் 15 நயா பைசாத் தலை. 1921 செப்டம்பரில் மேலமாசி வீதி வீட்டில் காந்தி அரையாடைக்கு மாறினார், அதனால் ஒரு காந்தி தலையும் சேரும். 2008-ல் மல்லிகை மணம் ஏற்றிய தலைகள் வந்தன. மதுரைக்காரர் ஆல்பத்தில் அது இல்லாமல் எப்படி? மணம் போய்விடாமல் இருக்க அதைத் தனி உறையில் வைக்கச் சொல்லுங்கள்.