கேள்வி நேரம்: வழி சொல்லும் மனிதரும் வழி காட்டும் அம்பும்

கோடை விடுமுறை தொடங்கியதிலிருந்து கணினி விளையாட்டுகளைப் பற்றிய கடிதங்கள் மிகுதியாக வருகின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையைப் பற்றியவை. வாள், மாயம், டிராகன், கால் போன போக்கில் திரிய ஒரு பெரிய நிலம் என்று அமைந்த திறந்த உலக விளையாட்டுகள் அவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் ‘ஸ்கைரிம்’ விளையாட்டை அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன். என் பெரியப்பா மகனோ, ‘மோரோவிண்ட்’ ஆடாதவன் இந்த வரிசையைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறார். அண்ணன் சொல்கிறாரே என்று அதையும் நிறுவினேன். முதல் எலியைக்கூட என்னால் கொல்ல முடியவில்லை. கத்தி எலியின் மேல் படுவது கண்ணுக்குத் தெரிகிறது, அடி மட்டும் விழுவதில்லை. இதைத்தான் சிறந்த விளையாட்டு என்கிறார்களா?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: முதலில் எலியை முடித்துவிடுவோம். 2002-இல் வெளிவந்த மோரோவிண்ட்டில், வீசிய அடி பட்டதா இல்லையா என்பதைத் திரையில் தெரியும் கத்தி தீர்மானிப்பதில்லை. உள்ளே ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு தாயம் உருட்டப்படுகிறது. அந்த ஆயுதத்தில் உங்கள் பாத்திரத்துக்கு உள்ள தேர்ச்சியும், பச்சைக் கோடாகத் தெரியும் தெம்பின் அளவும் அந்தத் தாயத்தின் பக்கம் நிற்கின்றன. நீங்கள் தொடக்கத்தில் கிடைத்த குறுங்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கோடரியில் தேர்ச்சியுள்ள பாத்திரத்தை ஓட்டமாய் ஓடவிட்டுப் போய் எலியை வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேர்ச்சிக்கு ஏற்ற ஆயுதத்தை எடுங்கள், ஓடாமல் நடங்கள், பச்சைக் கோடு நிரம்பிய பிறகு அடியுங்கள். எலி சாகும்.

இனி உங்கள் அண்ணனின் கருத்துக்கு வருகிறேன். பழையது என்பதால் உயர்ந்தது என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஒப்ப மாட்டேன். ஆனால் மோரோவிண்ட்டுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களிடம் அதைவிடக் கனமான ஒரு காரணம் உண்டு. அது வழி கேட்பதைப் பற்றியது. அந்த விளையாட்டில் திசைகாட்டியின் மேல் நீங்கள் போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்பு கிடையாது. ஒரு குகைக்குப் போகவேண்டுமானால், ஊரில் ஒருவரிடம் கேட்கவேண்டும். அவர் பாலம் தாண்டி, ஆற்றை ஒட்டி, பாறைக்கு அந்தப் பக்கம் என்று சொல்வார். அது உங்கள் குறிப்பேட்டில் ஏறும். பிறகு அந்தப் பாறை எது என்று நீங்கள் நிலத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். விரிஞ்சிபுரம் கோயிலுக்கு வழி கேட்டால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், “சேதுவாலையில் இறங்கி உள்ளே போங்க, மதில் தெரியும்” என்பாரே, அப்படி. மதிலைத் தேடிக்கொண்டு போகிறவர் வழியில் உள்ள தென்னந்தோப்பையும் பார்த்துக்கொண்டேதான் போகிறார். மோரோவிண்ட்டில் சில வழிக்குறிப்புகள் தெளிவற்றவை, சில தவறானவை. அதனால் மணிக்கணக்கில் அலைந்தவர்களின் கோபமும் நியாயமானதே. இருந்தும் அந்த நிலத்தை இருபது ஆண்டு கழித்தும் அவர்கள் மனப்பாடமாகச் சொல்வதற்கு அந்த அலைச்சல்தான் காரணம்.

2006-இல் வந்த ‘ஆப்லிவியன்’ அம்பைக் கொண்டுவந்தது. பெரிய நகரங்களுக்கு நினைத்தவுடன் போய்ச் சேரும் வசதியையும் முதல் நாளிலிருந்தே தந்தது. 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த ஸ்கைரிம் அம்பை அப்படியே வைத்துக்கொண்டது. என் கணிப்பில், இதற்குச் சோம்பேறித்தனத்தைவிடக் குரல்தான் பெரிய காரணம். மோரோவிண்ட்டில் பேச்சு பெரும்பாலும் எழுத்தாக இருந்ததால் ஒரு கிழவர் பத்து வரியில் வழி சொல்ல முடிந்தது. ஆப்லிவியனிலிருந்து எல்லாப் பேச்சும் நடிகர்களின் குரலில் பதிவாயிற்று. போதாக்குறைக்கு ஸ்கைரிமில் பல பணிகளுக்கான இடத்தை ஆட்ட நேரத்தில் விளையாட்டே தேர்ந்தெடுக்கிறது. எந்தக் குகை என்று முன்கூட்டியே தெரியாதபோது எந்த நடிகரும் அதற்கு வழி சொல்லிப் பதிவு செய்ய முடியாது. எனவே, அம்பை அணைத்துவிட்டு ஆடுங்கள் என்று சிலர் தரும் யோசனை ஸ்கைரிமில் பாதி வழிதான் போகும். அம்பை எடுத்துவிட்டால் அதன் இடத்தை நிரப்பச் சொல் எதுவும் அங்கே இல்லை.

ஆனாலும் ஸ்கைரிமை எழுதியவர்களுக்கு இந்தக் கலை தெரியாமல் இல்லை. ரிவர்வுட் என்ற முதல் சிற்றூரை நினைத்துப் பாருங்கள். கடைக்காரரிடமிருந்து, டிராகன் காலின் வடிவில் செய்த ஒரு பொன் நகம் திருடு போய்விட்டது. அதை மீட்டுத் தருவதாக நீங்கள் சொன்னதும், அவருடைய தங்கை கடையைவிட்டு உங்களுடன் வெளியே வருகிறாள். தெருவில் கூடவே நடந்து பாலத்தருகே நின்று, மலைமேல் இருக்கும் இடிந்த கட்டடத்துக்கு எந்தப் பாதையில் ஏறவேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். ஊர் எல்லைவரை வந்து வழியனுப்பும் நம் ஊர் வழக்கம் போலவே இருக்கும். அதே பணியின் முடிவில் ஒரு கல் கதவு. அதில் மூன்று வளையங்கள், வளையங்களில் விலங்கு உருவங்கள். எதை எங்கே திருப்புவது என்று எந்த அம்பும் சொல்லாது. உங்கள் பையில் உள்ள பொன் நகத்தை எடுத்துத் திருப்பி, அதன் உள்ளங்கையைப் பார்க்கவேண்டும். கரடி, விட்டில், ஆந்தை என்று அங்கே செதுக்கியிருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இப்படி இரண்டு அருமையான இடங்களை வைத்தவர்கள், அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாவற்றையும் அம்பிடம் ஒப்படைத்துவிட்டார்களே என்பதுதான் என் வருத்தம்.

மற்றொரு வேறுபாடு பதவி உயர்வில் இருக்கிறது. மோரோவிண்ட்டில் மந்திரவாதிகளின் சங்கத்தில் மேலே போக மந்திரத் தேர்ச்சி குறிப்பிட்ட அளவு வேண்டும். ஸ்கைரிமில் வாளைச் சுழற்றிக்கொண்டே, ஓரிரு மந்திரங்களை மட்டும் கற்று, மந்திரக் கல்லூரியின் தலைவராகிவிடலாம். இதில் உங்கள் அண்ணன் பக்கமே நான் நிற்பேன்.

மலைக்கு மட்டும் ஸ்கைரிம்தான். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் கீழே உள்ள வயல்கள் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். துறவிகளின் மடத்துக்கு ஏறும் ஏழாயிரம் படிப் பாதையில் அந்த உணர்வை ஸ்கைரிம் எனக்குத் தந்தது. (எண்ணினால் ஏழாயிரம் இருக்காது, அது கதையில் வரும் கணக்கு.)

கேள்வி: கல்லூரி நாள்களில் ஆப்லிவியன் ஆடியவன் நான். 2025-இல் வந்த புதுப்பதிப்பை ஆசையோடு வாங்கினேன். படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் நான் பலம் பெறப் பெற, சாலையோரத் திருடன்கூட விலை உயர்ந்த கண்ணாடிக் கவசம் அணிந்து வருகிறான். அன்றும் இப்படித்தான் இருந்ததாக நினைவு. இது பிழையா, திட்டமா?
– தோல் தொழிற்சாலை ஊழியர், ஆம்பூர்

பதில்: திட்டம்தான். ஆட்டக்காரர் எந்தத் திசையில் போனாலும், எந்த நேரத்தில் போனாலும், எதிரி மிக எளியவனாகவும் இருக்கக் கூடாது, வெல்லவே முடியாதவனாகவும் இருக்கக் கூடாது என்று கருதி, எதிரிகளின் பலத்தை உங்கள் லெவலோடு (பாத்திரத்தின் வளர்ச்சிப் படியோடு) கட்டிப்போட்டார்கள். நோக்கம் நல்லதே. விளைவைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: ஒரு கிராமத்தையே வாங்கக்கூடிய கவசத்தை அணிந்த வழிப்பறிக்காரன் உங்களை மறித்து நூறு பொற்காசு கேட்கிறான். உழைத்து வளர்ந்தோம் என்ற உணர்வு அந்த இடத்தில் செத்துப்போகிறது. பழைய பதிப்பில் இதைவிடக் கொடுமை ஒன்றும் இருந்தது. எந்தத் தேர்ச்சிகளை எத்தனை முறை உயர்த்தினோம் என்று கணக்கு வைத்து லெவல் ஏறாவிட்டால், ஏற ஏற எதிரிகளைவிட நாம் பின்தங்கிப் போவோம். புதுப்பதிப்பில் லெவல் ஏறும் முறையை எளிமையாக்கி இந்தக் கணக்குத் தொல்லையைத் தீர்த்திருக்கிறார்கள். எதிரிகள் கூடவே வளர்வதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். மூலத்துக்கு உண்மையாக இருக்க நினைத்தார்கள் என்று புரிந்துகொள்கிறேன். ஆனால் இந்த ஒன்றைத் திருத்தியிருக்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஸ்கைரிம் நடுவழியைப் பிடித்தது: ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கீழ் எல்லை, பல இடங்களுக்கு ஒரு மேல் எல்லையும். நீங்கள் முதன்முதலில் நுழையும்போது உள்ள லெவலே பெரும்பாலும் அங்கே நிலைத்துவிடும். இந்த வரிசையைச் சேராத, 2022-இல் வந்த ‘எல்டன் ரிங்’ இந்தச் சமரசத்தையே வேண்டாமென்று தள்ளிவிட்டது. ஆட்டம் தொடங்கி வெளிவந்த சில அடிகளில் பொன் கவசம் பூண்ட குதிரை வீரன் ஒருவன் உலவுகிறான். புதியவர்கள் பெரும்பாலோர் அவனிடம் செத்துப்போகிறார்கள். அவன் உங்களுக்காகக் குறையவும் மாட்டான், கூடவும் மாட்டான். சுற்றிப் போய், பத்து இருபது மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்து அவனை வீழ்த்தும்போது, வளர்ந்திருக்கிறோம் என்பதை உடம்பே அறிகிறது. உங்கள் மனக்குறைக்கு மருந்து அங்கே இருக்கிறது.

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய என் மகன் இரவு ஒரு மணி வரை ஸ்கைரிம் ஆடுகிறான். கேட்டால், அதற்குள் புத்தகம் படிக்கிறேன் என்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால், இப்போது நிறுத்த முடியாது என்கிறான். எதை நம்புவது?
– ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அம்மா, முதலாவது உண்மை. அந்த விளையாட்டின் வீடுகளிலும் மடங்களிலும் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. எடுத்துத் திறந்து பக்கம் பக்கமாகப் படிக்கலாம். அந்த உலகத்தின் வரலாறு, கதைகள், பாடல்கள் எல்லாம் அவற்றில் உண்டு. ஓர் இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, படித்ததில் பிடித்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் சொல்வது அவனுக்கு நல்ல பயிற்சியும்கூட.

இரண்டாவது உண்மையில்லை. பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் விளையாட்டுகளை நடுவில் விட்டு வர முடியாமல் போகலாம். ஸ்கைரிம் ஒருவர் தனியாக ஆடுவது. மெனுவைத் திறந்தாலே உள்ளே காலம் நின்றுவிடும், சேவ் செய்துவிட்டுச் சோற்றுக்கு வரலாம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: அமெரிக்கத் தரச்சான்றின்படி இது பதினேழு வயது நிரம்பியவர்களுக்கானது. கழுத்தறுப்பும் இரத்தமும் இருக்கின்றன. என் வீட்டுப் பிள்ளையானால் கூடத்தில், பெரியவர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஆடச் சொல்வேன்.

கேள்வி: மின்தடையில் என்னுடைய நாற்பது மணி நேர ஆட்டம் அழிந்துவிட்டது. அதற்கு முந்தைய நாள்தான் சில மோட்களை (ரசிகர்கள் உருவாக்கிய கூடுதல் மாற்றங்களை) நீக்கியிருந்தேன். குற்றம் யாருடையது?
– ஒரு வாசகர், இராணிப்பேட்டை

பதில்: சென்ற அக்னி நட்சத்திரத்தில் ஒரு பிற்பகல், நான் சேவ் செய்துகொண்டிருந்த நொடியில் மின்சாரம் போயிற்று. மீண்டும் வந்தபோது அந்தக் கோப்பு திறக்கவில்லை. அதற்கு முந்தைய சேவ் ஆறு மணி நேரம் பழையது. அந்த ஆறு மணி நேரத்தில் ஒரு தோழனைச் சாவிலிருந்து காப்பாற்றியிருந்தேன். அவனை மறுபடியும் காப்பாற்றவேண்டியிருந்தது. ஆனால் முதல்முறை போல இல்லை. அன்றிலிருந்து ஒரே கோப்பின் மேல் திரும்பத் திரும்ப எழுதுவதில்லை. தனித்தனிக் கோப்புகளாக வைக்கிறேன், விளையாட்டு தானாகச் செய்யும் ‘சேவ்’ ஒன்றையே நம்பியிருப்பதில்லை.

மோட்களை இடையில் நீக்கியதும் காரணமாக இருக்கலாம். ஒரு மோடின் நிரல்கள் உங்கள் சேவ் கோப்புக்குள்ளேயே தடம் விட்டுவிடுகின்றன. மோடை எடுத்துவிட்டாலும் தடம் போவதில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே எவை வேண்டும் என்று முடிவு செய்து, முடியும்வரை மாற்றாதீர்கள். விளையாட்டின் மீதும் பழி உண்டு. ஸ்கைரிம் வந்த புதிதில் பிளேஸ்டேஷன் 3-இல் சேவ் கோப்பு பெரிதாகப் பெரிதாக ஆட்டம் தவழத் தொடங்கியது. முதல் மாதத்தில் வந்த ஒரு பேட்ச் (பிழை திருத்தும் கோப்பு) டிராகன்களைப் பின்பக்கமாகப் பறக்கவைத்தது. நிறுவனம் விட்டுவைத்த நூற்றுக்கணக்கான பிழைகளை ரசிகர்களே திருத்தி, இலவசமாக ஒரு பேட்ச் வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் அதை நிறுவுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினி, கிராபிக்ஸ் கார்டு இல்லை. இந்த வரிசையில் எதையும் ஆடியதில்லை. எங்கே தொடங்குவது? தமிழில் உண்டா?
– ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: தமிழில் எதுவும் இல்லை. உங்கள் கணினிக்கு மோரோவிண்ட் ஏற்றது. மூல விளையாட்டைத் தள்ளுபடிக் காலத்தில் வாங்கி, ‘ஓப்பன் எம்டபிள்யூ’ என்ற இலவச மென்பொருளின் மூலம் இயக்கினால் இன்றைய கணினிகளில் தடங்கலின்றி ஓடும்.

கப்பலிலிருந்து இறக்கப்பட்டுச் சீடா நீன் என்ற சதுப்புநிலச் சிற்றூரில் நிற்பீர்கள். பால்மோரா என்ற ஊருக்குப் போய் ஒருவரைப் பார்க்கும்படி ஒரு கடிதக்கட்டைக் கொடுப்பார்கள். ஊர் விளிம்பில் சில்ட் ஸ்ட்ரைடர் என்னும் மாபெரும் பூச்சி வாகனம் நிற்கும். சில காசுகளில் கொண்டுபோய் விட்டுவிடும். முதல் முறை அதில் ஏறாதீர்கள். வடக்கே பெலாஜியட் வழியாக நடங்கள். கிளைச்சாலைகளில் கைகாட்டி மரங்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் நின்று படியுங்கள். ஊரைவிட்டுச் சற்றுத் தொலைவு போனதும் வானத்திலிருந்து அலறியபடி ஒரு மந்திரவாதி விழுவான். அவனிடம் இருக்கும் மந்திரச் சுருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால், எப்படித் தரையிறங்குவது என்று யோசிக்காமல் அவற்றைப் படித்துவிடாதீர்கள்.