மண்டி பில் மென்பொருளைக் கெடுத்தது அப்டேட் அல்ல

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதி வாங்கிய பில் மென்பொருள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். விண்டோஸ் 10 அப்டேட் ஆனபின் கணினி தடுமாறியது. சர்வீஸ் கடைக்காரர் எடுத்துப்போய்ச் சரிசெய்து தந்தார். இப்போது பில் மென்பொருளைத் திறந்தால், இது இந்தக் கணினியில் இயங்காது என்று ஆங்கிலத்தில் ஒரு நீலப் பெட்டி வருகிறது. எல்லாம் அப்டேட் செய்த வேலை, புதிய கணினியும் மென்பொருளும் 60,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். சீசன் நெருங்குகிறது. வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். முதலில் 'திஸ் பிசி' படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் திறந்து, 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். விண்டோஸில் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகை உண்டு. அங்கே 64 பிட் என்று இருக்கும். உங்கள் நோய் அதுதான்.

உங்கள் மென்பொருள் விண்டோஸுக்கும் முந்தைய டாஸ் என்ற இயங்குதளத்துக்கு எழுதிய சரக்கு. 32 பிட் விண்டோஸ் அதை ஓட்டும், 64 பிட் விண்டோஸ் தொடவே தொடாது. எந்த அப்டேட்டும் 32 பிட்டைத் தானாக 64 பிட்டாக மாற்றுவதில்லை. பழையதை எடுத்துவிட்டு யாராவது புதிதாக ஏற்றினால்தான் மாறும். ஏற்றியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்டேட்டில் ஏதோ சிறு கோளாறு வந்திருக்கலாம். அதைச் சரிசெய்யச் சோம்பல்பட்டு, கையிலிருந்த பென்டிரைவைச் செருகி மொத்தமாக மாற்றிவிட்டார்.

இப்போது அவசரமான வேலை கணக்கைக் காப்பாற்றுவது. விவசாயிகளுக்குக் கொடுத்த முன்பணம், கமிஷன், எடைச் சீட்டு எல்லாம் டி.பி.எஃப். (.dbf) என்று முடியும் கோப்புகளில் இருக்க வாய்ப்பு அதிகம். டி டிரைவில் தேடுங்கள். சி டிரைவில் பழைய விண்டோஸின் கோப்புகள் கிடக்கும் 'விண்டோஸ் ஓல்ட்' (Windows.old) என்ற ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் தேடுங்கள். அந்த ஃபோல்டர் சில நாட்களில் தானாகவே அழிந்துவிடக்கூடும், ஆகவே இன்றே பாருங்கள். கிடைத்ததை மென்பொருள் ஃபோல்டரோடு சேர்த்து இரண்டு பென்டிரைவில் நகலெடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும், கடையில் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கையே மாற்றியிருந்தால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். "அது வேஸ்ட்டுங்க, தூக்கிப் போட்டாச்சு" என்பார். விடாதீர்கள். உங்கள் இத்தனை வருடக் கணக்கு அதில்தான் இருக்கிறது, அதை அவர் வேறொருவருக்கு விற்றுவிடுவார்.

பிறகு விண்டோஸ் 10இன் 32 பிட் பதிப்பைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். அதே ஹோம் அல்லது புரோ வகையாக இருந்தால் பழைய உரிமமே போதும். "புது கீ வேண்டும்" என்று ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி. பெயரைச் சொல்லிப் புது மென்பொருளைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. புதிய மாங்காய்க்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பிரிண்டர் டிரைவருக்காக இணையத்தில் தேடி, முதலில் வரும் 'ஹெல்ப்லைன்' எண்ணை அழைத்துவிடாதீர்கள். தருமபுரியில் ஒரு உரக்கடையில் அப்படி அழைத்தார்கள். மறுமுனையில் இருந்தவன் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொன்னான், வங்கிக் கணக்கு அவன் கைக்குப் போய்விட்டது. யாரேனும் இதற்குள் மாட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதே கணினியில் வங்கி வேலையும் செய்கிறீர்கள் என்றால் நான் சொன்ன வழி ஆகாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பாதுகாப்பு இல்லாத கணினியை இணையத்தில் விடக்கூடாது. "எப்போதாவது ஒரு தடவைதான் வங்கிக்குப் போவேன்" என்பதும் கணக்கில் சேரும். பையனின் மொபைல் ஹாட்ஸ்பாட்டும் இணையம்தான். ஆகவே பில் கணினியில் வைஃபையை அணைத்து, கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். வங்கிக்கு வேறு கணினி. அது முடியாதென்றால் 64 பிட்டையே வைத்துக்கொண்டு, டாஸ்பாக்ஸ் எக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் உங்கள் பில்லை ஓட்டலாம். பிரிண்டர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தெரிந்தவர் வேண்டும். அப்போதும் பாதுகாப்பு ஆதரவுள்ள விண்டோஸாக இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் மீதும் எனக்குக் கோபம் உண்டு. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை. இன்டெலின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப் என்றால் பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்துகிறார்கள். தங்கள் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2இல் இருந்த 7ஆம் தலைமுறைச் சிப்புக்குக் கதவைத் திறந்துகொண்டார்கள். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம். நன்றாக ஓடுகிற கணினியைக் குப்பையில் போடச் சொல்கிற இந்த ஏற்பாடுதான் உங்கள் சர்வீஸ்காரருக்கும் வாய்ப்பாகிறது.

வேலை முடிந்ததும் வெள்ளைத் தாளில் அச்சடித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓரத்தில் துளையிட்ட மூன்று அடுக்குப் பில் தாளைப் போடுங்கள். விவசாயியின் படி, லாரிக்காரரின் படி, மண்டியின் படி மூன்றிலும் எடையும் தொகையும் தெளிவாக விழுந்த பிறகு கூலியைக் கொடுங்கள்.