மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தொட்டியில் வளர்த்துச் சமைக்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். ஆனால் சமைப்பதற்கு முன்னால் இலையை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். நர்சரியில் வாங்கிய செடி இரண்டே மாதத்தில் தொட்டியைத் தாண்டி ஓடுகிறது, இலை பளபளவென்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பகீரென்றது. எனக்கும் இதேதான் நடந்தது.

நானும் பெயர் சொல்லிக் கேட்டுத்தான் வாங்கினேன். விற்றவரும் அதே பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தளதளவென்று படர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துவிட்டது. அவ்வளவு பெருமை எனக்கு. பாசிப்பருப்பை வேகவைத்துவிட்டு ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டு வந்தேன். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மா ஓர் இலையை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "வழவழன்னு இருக்குடி. நம்ம வாய்க்கா வரப்புல இருக்கறது சொரசொரன்னு இருக்கும். இத போடாத" என்றார். விரித்துப் பார்த்தால், இலையின் இரண்டு பக்கமும் தோள் மாதிரி ஒவ்வொரு மடல் துருத்திக்கொண்டிருந்தது. நம்முடையது நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஓரத்தில் சின்னதாகப் பல் இருக்கலாம், மடல் இருக்காது.

நான் வளர்த்தது வெடலியா. சாலை நடுவிலும் புல்தரைக்குப் பதிலாகவும் நடுகிறார்களே, அதுதான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. கீரை என்று நினைத்து அதற்குத்தான் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

"இரண்டும் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவுச் செடிகள்தானே" என்று யாராவது கீழே கருத்தெழுத வருவார்கள். ஆமாம், பூ ஒன்றுபோல இருப்பதும் அதனால்தான். 1956-இல் சென்னை மாநிலக் கல்லூரியின் கோவிந்தாச்சாரி குழுவினர் வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பை வெளியிட்டது நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியை ஆராய்ந்துதான். அப்போது அதன் தாவரவியல் பெயரும் வெடலியா என்றே தொடங்கும். பெயர் ஒற்றுமையை வைத்து நர்சரி வெடலியாவையும் மூலிகை என்று சொல்லாதீர்கள். நான் வைத்தியர் இல்லை, எந்த நோய்க்கு எவ்வளவு என்று என்னிடம் கேட்கவும் வேண்டாம்.

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவே வரப்பிலிருந்து நான்கு தண்டு கிள்ளி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். இது கணுவுக்குக் கணு வேர்விடும் கொடி. அதனால் ஆழமான தொட்டி வேண்டாம், அகலமான தொட்டிதான் வேண்டும். மூன்று நான்கு கணு உள்ள தண்டைப் படுக்கவைத்து, கணு மேல் மட்டும் மண்ணை அள்ளிப் போட்டு அழுத்துங்கள், நுனி வெளியே இருக்கட்டும். மண் காயவே கூடாது, வாய்க்கால் ஓரத்துச் செடி அல்லவா. காலை வெயில் போதும், உச்சிவெயிலில் துவண்டுவிடும். வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக் கிளை வரும், கீரையும் இளசாகக் கிடைக்கும். வெள்ளைக் கரிசலாங்கண்ணி மாதிரி விதை விட்டதும் முடிந்து போகாது, பல வருடம் நிற்கும்.

செடி நன்றாக வந்த நேரத்தில்தான் மாடியில் தொட்டியே வைக்கக் கூடாது என்றார் வீட்டு உரிமையாளர். சுவரில் நீர்க்கசிவாம்.

தொட்டி இப்போது கீழே, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெறிக்காமல் நடுவில் ஒரு வரிசை செங்கல் அடுக்கியிருக்கிறேன். நேற்றுதான் ஒரு கைப்பிடி கிள்ளினேன், இலை நல்ல சொரசொரப்பு.