பதில்: கனடா ஒன்டாரியோவுல இருக்க டெமகாமி ஏரியில மூணு நாள் தூண்டில் போட்டும் ஒரு வால்ஐ (walleye) மீன் கூட மாட்டல, லைன் (தூண்டில் நரம்பு) மட்டும் அறுந்துட்டே இருக்கு

ப்ரோ, நீங்க எழுதினத படிச்சா காலைல பத்து மணிக்கு மேல கிளம்பி சாயங்காலம் அஞ்சுக்கே கேபினுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு, அங்கதான் தப்பு. வால்ஐ கண்ணுக்கு மங்கல் வெளிச்சம்தான் செட் ஆகும், ஜூலை வெயில்ல ஆழத்துக்கு போயிடும், அதனால பொழுது சாயுற நேரம் பாறைத்திட்டு ஓரமா ஜிக்ல (தலையில எடை வச்ச தூண்டில் முள்) மண்புழு மாட்டி தரையை தொட்டு தொட்டு இழுங்க. நாங்க நாலு பேரு போனப்ப முதல் ரெண்டு நாள் இதே கதைதான், மூணாவது நாள் பீரை ஓரமா வச்சுட்டு ஏழு மணிக்கு இறங்கினோம், இருட்டுறதுக்குள்ள ஆறு மீன்.

லைன் அறுக்கிறது பைக் (pike) மீன், பல்லு பிளேடு மாதிரி. களைச்செடி பக்கம் போட்டா ஸ்டீல் லீடர் (முள்ளுக்கு முன்னாடி கட்டுற கம்பி) கட்டாம போடாதீங்க.

லேக் ட்ரவுட் வேணும்னா அது பத்து டிகிரி தண்ணி தேடுற மீன், கோடைல ரொம்ப ஆழம், கரையோரம் தேடி நேரத்த வீணாக்க வேணாம்.

அப்புறம் முக்கியமா, இரைக்கு போடுற மின்னோ (சின்ன மீன்), அட்டையெல்லாம் டொரன்டோவுலயே வாங்கி கொண்டு போயிடாதீங்க, உயிர் இரைக்குன்னு பிரிச்சு வச்சிருக்க மண்டலம் தாண்டி எடுத்துட்டு போக தடை இருக்கு. அங்க போய் வாங்கி ரசீதை பத்திரமா வைங்க. லைசென்ஸ் எல்லார்கிட்டயும் இருக்குல்ல?